மயில் வாங்கிய இரண்டு தனிக்கொடிகள்

நெடுங்குளத்துக் காட்டில் விலங்குகள் சேர்ந்து ஒரு பழக் கழகம் நடத்தின. குளக்கரைப் பாறைதான் அலுவலகம். மயில்தான் தலைவர். பழம் பழுப்பதோ தொலைவில் இருந்த மலையில். அங்கே மலையணில் காவல் இருந்தது.

மலைக்கும் குளத்துக்கும் நடுவே மரம் மரமாக ஒரு நீண்ட கொடி ஓடியது. இந்த முனையை இழுத்தால் அந்த முனை ஆடும். மூன்று முறை இழுத்தால், "எங்கே பழம்?" என்று அர்த்தம். பதிலுக்கு ஒருமுறை ஆடினால் வடக்குச் சரிவு, இருமுறை ஆடினால் தெற்குச் சரிவு.

ஆனால் அது பொதுக்கொடி. குரங்குகள் அதில் சண்டை போடும். காட்டுக்கோழி மகளுக்கு வரன் விசாரிக்கும். கழகத்தின் கேள்வி காலையில் கிளம்பினால் மதியத்துக்கு மேல்தான் போய்ச் சேரும்.

மழைக்கு முன்னால் ஒரு காலையில் சோளப்பட்சிகள் கூட்டமாக வலசை வரும். பழுத்த சரிவு எது என்று கேட்கும். வெயில் ஏறுவதற்குள் பதில் வந்தால், கொண்டுவந்த தானியத்தைக் கொட்டிவிட்டுப் பழம் தின்னப் போகும். வராவிட்டால் தானியத்தோடு அடுத்த காட்டுக்குப் பறந்துவிடும். மழைக்காலம் முழுக்க நெடுங்குளத்துக் குட்டிகள் சாப்பிடுவது அந்தத் தானியத்தைத்தான். போன வருடம் பதில் தாமதமாகி, பாதிக் கூட்டம் போய்விட்டது. குட்டிகள் வயிறு காய்ந்தன.

கொடி பார்க்கும் வேலை தும்பை என்ற சருகுமானுக்கு. அவள் வீட்டில் எல்லோரும் சருகுக்குள் ஒளிந்தே காலம் தள்ளியவர்கள். பாறை ஏறி வேலைக்கு உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். அதனால் எதையும் இரண்டு தடவை பார்ப்பாள். யாரும் கவனிக்காதபோது மூன்றாவது தடவையும் பார்ப்பாள்.

ஒருநாள் நரி வந்தது. "தலைவரே, உங்கள் கௌரவத்துக்குப் பொதுக்கொடியா? நான் தனிக்கொடி போட்டுத் தருகிறேன். மணிக்கட்டு கனம். உங்களைத் தவிர ஒரு ஈ கூட அதில் உட்காராது" என்றது.

மறுநாள் மரநாய் வந்தது. "நரியின் கொடி அறுந்தால் என்ன செய்வீர்கள்? பெரிய இடங்களில் எல்லாம் இரண்டு கம்பெனியில் வாங்குகிறார்கள்" என்றது.

'பெரிய இடம்' என்ற சொல் மயிலின் தோகையை விரித்துவிட்டது. "இரண்டையும் வாங்குவோம்" என்றது.

தும்பை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஐயா, இந்தக் கொடிகள் எந்தெந்த மரம் வழியாகப் போகின்றன?"

"அது தொழில் ரகசியம், தங்கச்சி" என்றது நரி.

"எங்களுக்கும் அப்படித்தான்" என்றது மரநாய்.

தும்பைக்கு மனது கேட்கவில்லை. அடுத்த விடுமுறை நாளில், தரையில் நடந்தபடியே கொடிகளைத் தொடர்ந்து போனாள். ஓடை வரைக்கும் இரண்டும் வேறு வேறு வழிதான். ஓடையைத் தாண்டும் இடத்தில் ஒரே ஒரு நாவல் மரம். இரண்டு கொடிகளும் அதன் ஒரே கவட்டையில் ஏறிப் போயின. மரத்தின் பட்டை தேய்ந்து வழவழவென்று இருந்தது. அவள் தலைக்கு மேல் வெகு உயரத்தில் காய்ந்த சேறு அப்பியிருந்தது.

யானை முதுகு சொறியும் மரம்.

திரும்பி வந்து சொன்னாள். மயில் சிரித்தது. "இரண்டு கம்பெனி, இரண்டு கொடி. ஒன்று பச்சை, இன்னொன்று பழுப்பு. எப்படியம்மா ஒன்றாகும்?" என்று சொல்லி, ஓர் இலையை நீட்டியது. 'இரண்டும் வெவ்வேறு வழி, நேரில் பார்த்தேன்' என்று அதில் எழுதியிருந்தது. "குளம்பை வை."

தும்பை இலையை இரண்டு தடவை படித்தாள். வேலை போனால் மறுபடி சருகுதான். ஆனாலும் சொன்னாள். "நான் பார்த்தது இது இல்லையே, ஐயா."

"அப்படியானால் போய்ப் பொதுக்கொடியிலேயே உட்கார். குரங்குகளுக்குத் துணையாக இரு" என்றது மயில். குளம்புக்குப் பதில் தன் அலகால் இலையில் குத்திக்கொண்டது.

சோளப்பட்சிகள் வந்த காலையில் அவற்றின் சிறகுகளால் வானம் கறுத்தது. மயில் பச்சைக் கொடியை மூன்று முறை இழுத்தது. கொடி தொளதொளவென்று கைக்கு வந்தது. "கவலை வேண்டாம், இன்னொன்று இருக்கிறது" என்று பழுப்பை இழுத்தது. அதுவும் வந்தது. சற்று முன்புதான் யானைக்கு முதுகு அரித்திருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பட்சிகளின் தலைவி சிறகை உதறத் தொடங்கினாள்.

மயில் தோகை புழுதியில் இழுபட, பொதுக்கொடிக்கு ஓடிவந்தது. அங்கே குரங்குகளின் சண்டை உச்சத்தில் இருந்தது.

"அட, தனிக்கொடிக்காரர்! வழி தவறி வந்துவிட்டாரா?" என்றது கிழக் குரங்கு.

தும்பை முன்னால் வந்தாள். "அண்ணே, அவரை அப்புறம் கிண்டல் பண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு மூன்றே மூன்று இழுப்பு வேண்டும். உங்கள் குட்டிகளும் அந்தத் தானியத்தைத்தான் தின்கின்றன."

கிழக் குரங்கு தலையைச் சொறிந்தது. "டேய், எல்லாரும் கையை எடுங்கடா. நம் பக்கத்திலேயே பத்து நாளாக உட்கார்ந்திருக்கிற பிள்ளை கேட்கிறது. சண்டை எங்கே போய்விடும்?"

கொடி அசையாமல் நின்றது. தும்பை இழுத்தாள். சற்று நேரத்தில் அது இரண்டு முறை ஆடியது. தெற்குச் சரிவு. கிளம்பிவிட்ட கால்வாசிக் கூட்டம் திரும்பவில்லை. மற்றவை தானியத்தைக் கொட்டின.

மறுநாள் மயில் நரியைப் பிடித்தது. நரி ஒப்பந்த இலையைத் திருப்பிக் காட்டியது. 'யானையால் அறுந்தால் பொறுப்பில்லை' என்று எறும்பு ஊர்வதுபோல எழுதியிருந்தது.

மயில் இலையைக் கீழே போட்டுவிட்டுத் தும்பையைக் கூப்பிட்டது. "தும்பை, புது வழி எதுவென்று நீயே பார். இந்த நரியையும் கூட்டிக்கொண்டு போ" என்றது.

ஓடைக்கரையில் நாவல் மரத்தைப் பார்த்ததும் நரி வாயைப் பிளந்தது. "இரண்டும் இங்கேயா வருகின்றன? நான் விற்கிறவன், தங்கச்சி. இவ்வளவு தூரம் நடந்து வந்ததே இல்லை" என்றது.

வழிகள் எத்தனை என்று எண்ணி நிம்மதி அடைகிறவரை விட, அவை எங்கே ஒன்றுசேர்கின்றன என்று நடந்துபோய்ப் பார்க்கிறவரே ஆபத்தில் கைகொடுப்பார்.