ரெண்டுங்கெட்டான்

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரம், யானை என்று போய்விட வேண்டாம். ஓட்டுக் கூரை போட்ட ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரு தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி மோட்டார் ரூம். அவ்வளவுதான். அங்கே இருந்த சாமிக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டாது. அவரிடம் சிஷ்யராக வந்து சேர்ந்த தில்லைநாயகத்துக்கோ எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

சாமி அவரை "ஐயா" என்பார். அவர் "சாமி" என்பார். யார் யாருக்கு எழுந்து நிற்பது என்று இரண்டு பேருக்குமே கடைசி வரை பிடிபடவில்லை. இரண்டு பேரும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

தில்லைநாயகம் விருதுநகரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். ஒரு குடத்தைக் கையில் வாங்கினால் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவார். சத்தம் சுத்தமாக வந்தால் அலமாரிக்குப் போகும். கொஞ்சம் பிசிறடித்தாலும் எடைக்குப் போய்விடும். வாழ்நாள் முழுக்க அதே பழக்கம்.

மடத்துக்கு வந்த அன்று, "மனசு அடங்கணும் சாமி" என்றார்.

சாமி வேறொன்றும் விசாரிக்கவில்லை. "பாத்திரம் தேய்ப்பீங்களா ஐயா?"

"வித்திருக்கேன். தேய்ச்சதில்ல."

"அப்ப அதுலயிருந்து ஆரம்பிப்போம்."

அந்தச் சாமியிடம் ஒரு பொட்டி உண்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. மூடியிருந்தால் போன் மாதிரி இருக்கும். மேல் பாதியைத் தூக்கித் திருப்பினால் கீழே குட்டிக் குட்டியாக எழுத்துச் சாவிகள், கம்ப்யூட்டர் மாதிரி ஆகிவிடும். போனாக வைத்துக்கொள்ளலாம் என்றால் செங்கல் கனம். கம்ப்யூட்டராக வைத்துக்கொள்ளலாம் என்றால் தீப்பெட்டி அளவே கண்ணாடித் திரை. வந்த புதிதில் ஆபீசர்கள்தான் வைத்திருந்தார்களாம். இப்போது அதற்கு லைனும் கிடைப்பதில்லை, கெட்டால் சாமானும் கிடைப்பதில்லை. மடத்தில் சமைக்கிற சுடலி அதற்கு ரெண்டுங்கெட்டான் என்று பேர் வைத்திருந்தாள்.

மதியப் பந்தி முடிந்ததும் சாமி அதை மோட்டார் ரூம் பிளக்கிலிருந்து கழற்றி எடுத்து வருவார். தொட்டி ஓரம் உட்காருவார். வெயிலில் அதன் கண்ணாடி தெரியாது என்பதால் துண்டைத் தலையோடு போர்த்திக்கொள்வார்.

"பொண்ணு முக்காடு போட்டாச்சு" என்பாள் சுடலி. "இனி நாம யாரும் சாமி கண்ணுக்குத் தெரிய மாட்டோம்."

துண்டுக்குள்ளிருந்து குரல் வரும். "கொஞ்ச நேரந்தானே சுடலி. அதுக்குள்ள இது செத்துரும்."

உள்ளே பந்தை அடித்துச் செங்கல் உடைக்கிற விளையாட்டு நடக்கும். "அடி! அடி! ஐயோ, போச்சே" என்று சாமி தனக்குத்தானே பேசிச் சிரிப்பார். சாவிகள் சடக் சடக்கென்று சுவர்க்கோழி மாதிரி சத்தம் போடும். பாதி ஆட்டத்தில் பொட்டி அணைந்துவிடும். அதற்கும் சிரிப்பார்.

தில்லைநாயகத்துக்கு இதைப் பார்க்கப் பார்க்கக் கை அரிக்கும். ஒரு தட்டு தட்டி எடைக்குத் தள்ள வேண்டிய சாமான்.

ஒரு நாள் காலையில் அவர் மகள் மங்கை போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மாவை ஒரு முதியோர் இல்லத்துல சேத்துரலாம்னு இவரு சொல்றாரு. மதுரையில நல்ல இடமாம். இன்னைக்குள்ள சரின்னு சொன்னா இடம் போட்டு வைப்பாங்களாம்."

அவர் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"நீங்க வந்து இருக்கிறதா இருந்தா அதெல்லாம் வேண்டாம்ப்பா. என்னால ஒண்டியா முடியல. ராத்திரி பகல் தெரியாம அலையுறா."

"சாயந்திரம் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் மனைவி செண்பகத்துக்கு ரெண்டு வருஷமாகவே நினைவு கழன்றுகொண்டு வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள். பிறகு பேத்தியை மறந்தாள். ஒரு நாள் காலையில் காப்பி டம்ளரோடு உள்ளே வந்தவள், நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"நீங்க யாரு? வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையே" என்றாள்.

அந்த வாரமே அவர் மடத்துக்கு வந்துவிட்டார். ஆனால் அந்தக் கதவும் கூடவே வந்துவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது, சாமி கும்பிடும்போது, சோற்றில் கை வைக்கும்போது, அந்தக் கதவுக்குப் பின்னால் பழைய செண்பகம் நிற்கிற மாதிரியே இருக்கும். "ஏங்க" என்று ஒரு தரம் கூப்பிட மாட்டாளா என்று காது ஏங்கும்.

அன்று மதியம் தில்லைநாயகம் ஒரு புதுப் போனைக் கொண்டுவந்து சாமி முன்னால் வைத்தார். தம்பி மகனிடம் சொல்லி வரவழைத்தது.

"இதை வச்சுக்கிடுங்க சாமி. அதைத் தூக்கிப் போட்ருவோம்."

சாமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அடேயப்பா, என்ன வழவழப்பு! சுடலி, இப்படித் திரும்பு, ஒரு போட்டோ எடுக்கிறேன்."

சுடலி கரண்டியைக் கீழே வைக்காமலே நின்றாள். பார்த்துவிட்டு, "நான் இம்புட்டுக் கறுப்பாவா இருக்கேன்?" என்றாள்.

"இருக்கிறதைத்தானே எடுக்கும்."

"பொட்டி புதுசு. சாமி வாய் மட்டும் அதே பழசு."

சாமி சிரித்துக்கொண்டே போனைத் திருப்பித் தந்தார். "அருமையான சாமான் ஐயா. சுடலி மவ காலேஜுக்குப் போறா. அவளுக்கு உதவும். குடுத்துருவோமா?"

கொடுத்தாயிற்று. கொடுத்துவிட்டுச் சாமி பழையபடி துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். தில்லைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, கோவிச்சுக்கிடாதீங்க. நான் சாமான் பார்த்து வாழ்ந்தவன். இது கெட்டுப்போன சாமான். லைன் கிடையாது. வெயில்ல தெரியாது. கீல் ஆடுதுன்னு ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கீங்க. கொஞ்ச நேரம்கூட நிக்கல. ஒவ்வொரு தரம் அணையும்போதும் எல்லாத்தையும்... எல்லாத்தையும் மறந்துருது. இதுல என்னத்தைக் கண்டீங்க?"

கடைசியில் அவர் குரல் பிசிறடித்தது. அவர் காதுக்கே கேட்டது.

சாமி துண்டின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். "உள்ள வாங்க."

"நானா?"

"இடம் இருக்கு. வாங்க."

ஒரே துண்டுக்குள் இரண்டு தலை. சமையல்கட்டில் சுடலி சிரிக்கிற சத்தம் கேட்டது.

பொட்டி மெதுவாக விழித்தது. கண்ணாடியின் மூலையில் ஒரு சின்னச் சிலுவைக் குறி வந்து நின்றது.

"அதைத் தொடுங்க ஐயா. விரல் ஆகாது. இந்தாங்க குச்சி."

தொட்டார். குறி இன்னொரு மூலைக்கு ஓடியது.

"என்னது, ஓடுது?"

"தொட்டா எந்த இடம்னு அதுக்குத் தெரியல. நாமதான் காட்டிக் குடுக்கணும்."

மூலை மூலையாகத் தொட்டுக் காட்டினார். பிறகு ஒரு தேதி வந்தது. வருஷம் இருபது வருஷத்துக்கு முந்தியது.

"தேதி தப்பு சாமி."

"அது பொறந்த தேதி. அணைஞ்சா அங்க போயிரும். மாத்துங்க."

மாற்றினார். அடுத்து ஒரு வெற்றுக் கட்டம் வந்து மினுக் மினுக்கென்று நின்றது.

"இது என்ன கேக்குது?"

"வச்சிருக்கிறவர் பேரு."

"சாமின்னு அடிக்கவா?"

"நான் சாமியானது அதுக்குத் தெரியாதே ஐயா."

தில்லைநாயகம் குச்சியை வைத்துவிட்டுச் சாவிகளின் மேல் விரலைக் கொண்டுபோனார்.

"கந்தவேல்" என்றார் சாமி.

தில்லைநாயகம் திரும்பிப் பார்த்தார். துண்டின் நிழலில் அந்த முகம் இளவட்டமாகத் தெரிந்தது. இத்தனை மாசமாகக் கூடவே இருந்தும் இவருக்கு ஒரு பேர் இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

அவர் ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகத் தேடி அடித்தார். முதல் எழுத்து 'கே' விழவில்லை.

"அந்தச் சாவி போயிருச்சு. விடுங்க, அந்தவேல்னு போகும். அதையும் ஏத்துக்கிடும்."

ஏற்றுக்கொண்டது. 'வருக, அந்தவேல்' என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. சாமி, தெருவில் யாரோ கூப்பிட்ட மாதிரி, லேசாகத் தலையை ஆட்டினார்.

"தினமும் இதேதானா சாமி?"

"தினமும்."

"சலிக்கலையா?"

"மொதல்ல ஆத்திரமா வந்துச்சு. நேத்துதானே சொன்னேன்னு தரையில வச்சு ஒரு அடிகூட அடிச்சேன். கீல் ஆடுறது அதுலதான்."

"அப்புறம்?"

"மடத்துக்கு எத்தனையோ பேர் வர்றாங்க. கல்யாணம் எப்ப ஆகும், வேலை எப்ப கிடைக்கும்னு கேக்குறாங்க. நீ யாருப்பான்னு ஒருத்தரும் கேட்டதில்ல." சாமி கண்ணாடியைத் துண்டு நுனியால் துடைத்தார். "இது ஒண்ணுதான் கேக்குது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பொட்டி அணைந்தது. துண்டுக்குள் இருட்டு. அந்த இருட்டில்தான் தில்லைநாயகத்துக்கு வாய் வந்தது.

"எங்க வீட்டுலயும் கேட்டா சாமி."

"யாரு?"

"செண்பகம். என் வீட்டுக்காரி. நினைவு தப்பிப் போச்சு. என்னையப் பார்த்து நீங்க யாருன்னு கேட்டா. இப்ப எங்கயோ கொண்டுபோய்ச் சேக்கப் போறாங்களாம். சரியா தப்பான்னு நான் சொல்லணுமாம்."

சாமி துண்டை விலக்காமலே கேட்டார். "அவங்க கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னையத் தெரியலையாடின்னு கத்தினேன்."

"அதுவும் கேள்விதானே ஐயா. அவங்க கேட்டதுக்கு?"

தில்லைநாயகம் யோசித்தார்.

"என் பேரு எங்க வீட்டுல புழங்குனதே இல்ல சாமி. நாப்பது வருஷத்துக்கு மேல 'ஏங்க'தான். ரேஷன் கடையில கேட்டாக்கூட மவளைச் சொல்லச் சொல்லுவா. கோயில்ல அர்ச்சனைக்குப் பேர் கேட்டா என் முகத்தைப் பார்ப்பா. நான் ஐயர்ட்ட சொல்லுவேன். அவகிட்ட..." நிறுத்தினார். "அவகிட்ட நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

சாமி துண்டை எடுத்தார். வெயிலில் இரண்டு பேர் கண்ணும் கூசியது. அவர் எழுந்துபோய்ப் பொட்டியைப் பிளக்கில் மாட்டிவிட்டு மோட்டார் ரூம் வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார்.

தில்லைநாயகம் தொட்டி ஓரத்திலேயே இருந்தார். நிழல் நகர்ந்து அவர் காலுக்கு வந்தபோது போன் அடித்தது.

"என்னப்பா முடிவு பண்ணுனீங்க? இவரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அம்மா எங்க?"

"இங்கதான் உக்காந்திருக்கா."

"அவகிட்டக் குடு."

"அவளுக்கு ஒண்ணும் புரியாதுப்பா."

"குடும்மா."

போன் கை மாறியது. வளையல் உரசுகிற சத்தம். அந்தச் சத்தம் மட்டும் கொஞ்சமும் மாறவில்லை. அவர் எழுந்து நின்றார். மூச்சு ஒன்று காதோடு வந்து நின்றது. பிறகு குரல், தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு.

"யாருங்க பேசுறது?"

தில்லைநாயகம் மோட்டார் ரூம் பக்கம் பார்த்தார். அங்கே சாமி, வயரோடு கிடந்த பொட்டியின் மேல் குனிந்து, குச்சியால் மூலை மூலையாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"யாருங்க? பேரு என்னங்க?"

குரல் போனைத் தாண்டி மோட்டார் ரூம் வரை கேட்டது. சாமி தலை நிமிரவில்லை.

"கேக்குறாங்கல்ல ஐயா. சொல்லுங்க."