நொச்சிப்பேட்டையில் வரவேற்பு இல்லை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாட்களில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு தேசத்தை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். கோபம் வந்தால் குதிப்பார்; சிரிப்பு வந்தால் சிம்மாசனத்தைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். இரண்டும் ஒரே நாளில் நாலு தடவை வரும்.

ஒரு நாள் காலையில், பக்கத்து தேசத்து ராஜாவிடம் மூன்று வணிக நகரங்கள் இருப்பதாக யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். நம் ராஜாவிடம் இருந்தது தலைநகரம் ஒன்றுதான். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. சபை கூடியதும், தமக்கும் இன்னொரு வணிக நகரம் வேண்டும், அதுவும் தை மாதத்துக்குள் வேண்டும் என்றார். நகரம் என்ன கத்தரிக்காயா, தை மாதத்துக்குள் காய்த்துத் தொங்க? ஆனால் ராஜாவிடம் அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

வாய் வந்தவன் ஒருவன் இருந்தான். செங்கோடன் என்று பெயர். அந்தச் சபையின் விகடகவி. புதிதாக நகரம் எதுவும் கட்ட வேண்டாம், நொச்சிப்பேட்டை இருக்கிறதே என்றான் அவன்.

நொச்சிப்பேட்டை தலைநகரத்திலிருந்து ஒரு நாள் வண்டிப் பயணம். பெரிய ஊருமில்லை, சின்ன ஊருமில்லை. தலைநகரத்தார் அதைக் கிராமம் என்பார்கள், சுற்றியிருக்கும் கிராமத்தார் அதைப் பட்டணம் என்பார்கள். கைத்திறமுள்ள தச்சர்களும் கொல்லர்களும் நெசவாளர்களும் அங்கே இருந்தார்கள். வற்றாத ஆறு இருந்தது. ஆற்றை ஒட்டி மேட்டில் மனைகள் காலியாகக் கிடந்தன. போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. அதனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் வேலை தேடி வருஷா வருஷம் தலைநகரத்துக்கு வண்டியேறிக்கொண்டிருந்தார்கள். செங்கோடனும் அப்படி ஏறி வந்தவன்தான். அவனுடைய அக்கா பாவாயி இன்னமும் அங்கே, ஊர் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில், செக்கு வைத்து எண்ணெய் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

செங்கோடன் வாயைத் திறந்தாலே ஒருவருக்கு வயிறு எரியும். அவர் உபசார மந்திரி திருமேனிநாதர். தேசத்துக்கு வருகிறவர்களை வரவேற்பது அவருடைய இலாகா. மாலை, சந்தனம், மேளம், யானை, விருந்து, அதற்கப்புறம் இரண்டு நாழிகைக்குக் குறையாத ஒரு வரவேற்புரை. அவர் உரையாற்றும்போது ராஜா கொட்டாவி விடுவார். செங்கோடன் தும்மினாலும் சிரிப்பார். எந்த மனிதனுக்குத்தான் வலிக்காது?

திருமேனிநாதர் எழுந்தார். வரவேற்புக்கு மாலைகள் போதவில்லை, பூத் தட்டுப்பாடு பெருத்துவிட்டது, எதற்கும் உதவாத நொச்சிப்பேட்டையை இடித்துவிட்டு அங்கே ஒரு நந்தவனம் போடலாம் என்றார். ராஜாவுக்கு அதுவும் நல்ல யோசனையாகவே பட்டது. அவருக்கு எந்த யோசனையும் நல்ல யோசனையாகத்தான் படும்; அந்த தேசத்தின் கஷ்டமே அதுதான்.

அக்காவின் செக்கு நிற்கிற இடத்தில் சாமந்திச் செடி நிற்பதை நினைத்துப் பார்த்தான் செங்கோடன். ஒரு வேடிக்கை வார்த்தையும் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சாதாரணமாகவே கெஞ்சினான். மேலைக் கடற்கரை வணிகர்கள் பன்னிரண்டு பேர், துறைமுகம் மணல் மூடிவிட்டதால் புது இடம் தேடி வருகிறார்கள். அவர்களை ஒரே ஒரு நாள் நொச்சிப்பேட்டைக்கு அனுப்பிப் பாருங்கள் என்றான்.

ராஜா தீர்ப்புச் சொன்னார். பன்னிரண்டில் பாதிப் பேராவது அங்கே தொழில் வைக்கச் சம்மதித்தால் ஊர் வணிக நகரம் ஆகும். இல்லாவிட்டால் நந்தவனம்.

திருமேனிநாதர் விடவில்லை. "அரசே, வரவேற்புக் கலை அடியேனுக்கு மட்டுமே உரியது. விகடகவியின் ஊர் தன் சொந்தக் காலில் நிற்கட்டும். அங்கே மாலை கூடாது, சந்தனம் கூடாது, மேளம், யானை, விருந்து, உரை எதுவும் கூடாது. ஒருவரும் தம் வேலையை விட்டு எழுந்து நிற்கவும் கூடாது. செங்கோடன் தன் ஊரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லக் கூடாது."

"இது வணிகர்களுக்கு மட்டும்தானே, மந்திரியாரே?" என்று கேட்டான் செங்கோடன்.

அவர்களுடைய வேலைக்காரர்களுக்கு மாலை போட்டுக் காரியத்தைச் சாதிக்கப் பார்க்கிறான் என்று மந்திரிக்குத் தோன்றியது. "அந்த ஊருக்கு எவர் வந்தாலும் வரவேற்பு இல்லை" என்றார். அப்படியே ஓலையில் எழுதி ராஜ முத்திரை வைத்துத் தரும்படி செங்கோடன் கேட்டான். ராஜாவும் வைத்துக் கொடுத்தார்.

செங்கோடன் ஊருக்குப் போய் ஓலையைப் படித்துக் காட்டினான். ஊரே முகம் சுளித்தது. எல்லோரையும்விடக் கொதித்தவள் பாவாயிதான்.

"வூட்டுக்கு வந்தவிங்களைப் பாத்து எந்திரிக்காம குத்தவெச்சிருந்தா, அப்பறம் நாமெல்லாம் என்ன மனுசங்கடா? ஒரு வாய்த் தண்ணி கூடவா குடுக்கப்படாது?"

தண்ணீர் ஓலையில் இல்லை, பானையை வாசலில் வைத்துவிடு, வேண்டியவர்கள் மொண்டு குடித்துக்கொள்ளட்டும் என்றான் அவன். பிறகு நந்தவனத்தைப் பற்றிச் சொன்னான். அவள் செக்கில் கட்டியிருந்த மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, எள்ளை அள்ளிப் போடப் போய்விட்டாள்.

வணிகர்கள் முதலில் தலைநகரத்தில் இறங்கினார்கள். இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டார் திருமேனிநாதர். மூன்று நாள் வரவேற்பு. ஆளுக்குப் பதினொரு மாலை, ஏழு பட்டு, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. அவர்களுடைய தலைவர் நாகதத்தர் எழுபதை நெருங்கியவர், சாயப்பட்டறை வைத்திருப்பவர். இங்கே தண்ணீர் உப்பா நல்லதா என்று அவர் கேட்டார். அதற்குப் பதிலாகத் தேசத்தின் பெருமை பற்றி ஒரு பாட்டுப் பாடினார்கள். பண்டகசாலைக்கு இடம் காட்டுங்கள் என்றார் இன்னொருவர். யானை வந்து அவருக்குத் துதிக்கையால் மாலை போட்டது. நாலாம் நாள் காலையில், கழுத்து சுளுக்கிப்போன பன்னிரண்டு பேரும் நொச்சிப்பேட்டைக்குப் புறப்பட்டார்கள். மாலைகளை வழியில் மாடுகள் தின்றன.

நடப்பதை வேவு பார்க்கத் திருமேனிநாதரின் ஆள் ஒருவன் கொஞ்சம் பின்தங்கி வந்தான்.

மறுநாள் காலையில் ஊர் எல்லைக் கல்லைத் தாண்டியதும், குத்துவிளக்குகளின் பாரம் தாங்காமல் முன்வண்டியின் அச்சு முறிந்தது. வணிகர்கள் இறங்கி நின்றார்கள். மாலை வரும் என்று பழக்கதோஷத்தில் கழுத்தைத் தாழ்த்தியவர்களும் உண்டு. யாரும் வரவில்லை. எதிரே ஒருத்தி செக்கில் எள் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவன் மாடு ஓட்டிக்கொண்டிருந்தான். ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வேவுக்காரன் அதோடு குதிரையைத் திருப்பிக்கொண்டு தலைநகரத்துக்குப் பறந்தான்.

நாகதத்தர் தச்சுப்பட்டறையைத் தேடிப் போனார். தச்சர் இழைப்புளியை நிறுத்தாமலே, அச்சு எத்தனை முழம் என்று மட்டும் கேட்டார். அளவைச் சொன்னதும், வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் ஆகிவிடும், அதுவரைக்கும் எங்கேயாவது போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள் என்றார்.

சுற்றினார்கள். கூட வர ஆளில்லை. இதைப் பாருங்கள், அதைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல ஆளில்லை. நினைத்த சந்தில் நுழைந்தார்கள். கிணற்று நீரை வாயில் ஊற்றிப் பார்த்தார்கள், ஆற்றில் துணியை நனைத்துப் பார்த்தார்கள். தறிக்காரரிடமும் கொல்லரிடமும் கேட்டதற்கு நேரான பதில் வந்தது. கை மட்டும் வேலையை விடவில்லை. வாசல் பானைகளில் தண்ணீர் மொண்டு குடித்தார்கள். உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்து பார்த்தால் அச்சு தயாராக இருந்தது. நாற்பது வருஷமாக ஊர் ஊராகப் போகிறவர் நாகதத்தர். ஒரு ஊரை இப்படித் தன் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அச்சுக்கு எண்ணெய் வாங்கச் செக்கடிக்குப் போனபோது, மாடு ஓட்டிக்கொண்டிருந்தவனிடம், தம்பி, இந்த ஊர் எப்படி என்று கேட்டார்.

"நல்லதாக ஒரு வார்த்தையும் நான் சொல்லக் கூடாது, ஐயா. ராஜ கட்டளை. கெட்டதைச் சொல்லத் தடையில்லை" என்றான் செங்கோடன்.

"அதையே சொல்."

"ஐப்பசி மழையில் கிழக்குத் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்."

"பொய் சொல்லாதடா" என்றாள் பாவாயி, எள்ளைத் தள்ளிக்கொண்டே. "இடுப்பு மட்டுமுங்க. போன வருசம் என்ற கன்னுக்குட்டியே மெதந்துச்சுங்க."

கொசு உண்டு; பொழுது சாய்ந்தால் ஊரே தூங்கிவிடும்; வெள்ளிக்கிழமை தச்சர்கள் தலைகீழாக நின்றாலும் உளியைத் தொட மாட்டார்கள். தம்பி விட்டதையெல்லாம் அக்கா எடுத்துக் கொடுத்தாள். நாகதத்தர் ஒவ்வொன்றையும் விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டார். பிறகு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் போனார். போனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் அக்காவும் தம்பியும் செக்கைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அன்று செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில், இரவெல்லாம் வண்டியோட்டி, ராஜாவே வந்து இறங்கினார். வேவுக்காரன் சொன்னதற்குக் கை கால் வைத்து, விருந்தாளிகளை ஊரே அவமதித்துவிட்டது என்று திருமேனிநாதர் மூட்டியிருந்தார். ராஜா கோபத்தில் கிரீடம் வைக்கவும் மறந்து, வண்டித் தூசியோடு எல்லைக் கல்லைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். கொல்லர் எழவில்லை. தச்சர் எழவில்லை. ராஜாவின் முகம் சிவந்தது. செக்கடியில் வந்து நின்று, இந்த ஊரை இன்றைக்கே இடிக்கச் சொல்ல வாயைத் திறந்தார்.

பாவாயி எண்ணெயை இறுத்துக்கொண்டிருந்தாள். குடம் சரியப் பார்த்தது. அவள் நிமிராமலே சொன்னாள்.

"ஏனுங்க, சும்மாதானே நிக்கறீங்க, இந்தக் கொடத்தைச் சித்தெ புடிச்சுக்குங்க."

பிறந்ததிலிருந்து அந்த ராஜாவிடம் யாரும் அப்படி ஒரு வேலை சொன்னதில்லை. கை தானாக நீண்டு குடத்தைப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் இறங்கி முடிகிற வரைக்கும் அப்படியே நின்றார். எண்ணெய் சிந்தாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் கோபம் பாதி மறந்துபோய்விட்டது.

ராஜாவின் பின்னாலேயே ஓடிவந்த திருமேனிநாதர் பதறினார். செங்கோடன் மாட்டை நிறுத்தாமல், இடுப்பிலிருந்த ஓலையை எடுத்து ராஜாவின் கண்ணுக்கு நேரே பிடித்தான். "எவர் வந்தாலும் வரவேற்பு இல்லை என்று தங்கள் முத்திரை சொல்கிறது, அரசே. இந்த ஊரார் தங்கள் சொல்லை மீறவில்லை. மீற வேண்டுமென்று என் அக்காவுக்கு ஆசைதான். நான்தான் விடவில்லை."

அது வணிகர்களுக்காக எழுதியது என்றார் மந்திரி. எழுதச் சொன்ன வார்த்தை உம்முடையதுதானே என்றார் ராஜா. அந்த நேரம் பார்த்துக் கையில் அளவுக் கயிறும், காலெல்லாம் சேறுமாக நாகதத்தர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மனை அளந்து முளை அடித்து முடிக்க இவ்வளவு நேரமாகிவிட்டது என்றார். ஒன்பது பேர் இங்கே தொழில் வைக்கிறார்கள். மீதி மூன்று பேருக்குக் கொசு ஒத்துக்கொள்ளாதாம்.

உம்மை யாரும் மதிக்கவில்லையாமே என்று ராஜா கேட்டார்.

"அரசே, மாலை போட்ட ஊரில் எதைக் கேட்டாலும் பாட்டு வந்தது. இங்கே கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது" என்றார் நாகதத்தர். "இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்று இந்தத் தாயார் சொல்லியிராவிட்டால், என் சாயப்பட்டறையைக் கிழக்குத் தெருவில் கட்டியிருப்பேன். கெட்டதைத் திருத்திச் சொல்கிறவர்கள் நடுவில் தொழில் செய்ய எனக்குப் பயமில்லை."

ராஜா குடத்தையும் ஓலையையும் மந்திரியையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு புறப்பட்டுவிட்டது. தட்டுவதற்குச் சிம்மாசனம் இல்லாததால் செக்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நொச்சிப்பேட்டை வணிக நகரம், செக்கு அதன் இடத்திலேயே நிற்கும், அந்த ஓலையும் என்றைக்கும் செல்லும் என்று அங்கேயே அறிவித்தார். அப்படியானால் அடியேன் என்ன செய்வது என்று திருமேனிநாதர் பரிதாபமாகக் கேட்டார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவாயி தம்பியின் கையிலிருந்த மாட்டுக் கயிற்றை வாங்கி அவரிடம் கொடுத்தாள். அவரும் ஒன்றும் தோன்றாமல் மாட்டின் பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடனுக்குப் போட வந்தார். அவன் இரண்டடி பின்வாங்கினான்.

"இந்த ஊரில் மாலை கூடாது, அரசே."

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு. விகடகவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் போய், அங்கே நிறுத்தி வைத்து மாலையைப் போட்டார். ஊரில் எவரும் வேலையை விட்டு எழவில்லை. எழுந்தவள் ஒருத்திதான். அடுத்த ஈட்டுக்கு அள்ளிய எள்ளை அப்படியே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று தம்பியைப் பார்த்தாள் பாவாயி. ராஜா அதைக் கவனித்தார். கவனிக்காதவர்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.