மீசையில் ஒட்டிய எண்ணெய்

கீர்த்திமாறன் என்ற மகாராஜாவுக்கு எதிரிகள் மூன்று பேர். இரண்டு பேரை யுத்தத்தில் ஜெயித்துவிட்டார். மூன்றாவது எதிரி அவருடைய வயிறு.

ஒருநாள் பலாப்பழத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டார். அன்று பிடித்தது சனியன். சனியனின் பெயர் ஆபத்சகாயம், அரண்மனை வைத்தியர். பெயர்தான் ஆபத்துக்கு உதவுகிற பெயர். சாப்பாட்டு விஷயத்தில் ஆபத்தே அவர்தான்.

தாமரைப்பேட்டைத் தேர்த் திருவிழாவுக்கு மகாராஜா பரிவாரத்தோடு புறப்பட்டபோது வைத்தியரும் கஷாயப் பெட்டியோடு தொற்றிக்கொண்டார். வழியெல்லாம் கஞ்சி. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய். மகாராஜாவுக்கு மட்டுமா? "மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி" என்று பரிவாரம் முழுவதற்கும் அதே கஞ்சி! அதோடு விட்டாரா? மகாராஜாவைக்கொண்டே ஓர் ஆணையும் போட வைத்தார்.

"கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கித் தின்பவர் பரிவாரத்தில் யாராயிருந்தாலும் பதவி போகும்! நாடு கடத்தப்படுவார்!" என்று தாமரைப்பேட்டையில் கூடாரம் அடித்ததுமே தண்டோராக்காரன் முழங்கினான்.

அதைக் கேட்டு நொந்தே போனவர் அவைப்புலவர் கூத்தபிரான். புது ஊருக்குப் போனால் கோபுரத்தைக் கண் பார்க்கும், கடைத்தெருவை நாக்கு பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நாக்கு பார்க்காத ஊரை அவர் ஊர்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பாவம், கடைத்தெருப் பக்கமிருந்து நெய் மணத்தோடு காற்று வேறு வீசியது. பதவியா, பணியாரமா? மனிதர் கொஞ்ச நேரம் கூடாரத்துக்குள் உலாத்தினார். பிறகு கால்கள் தாமாகவே கடைத்தெருவுக்கு நடந்துவிட்டன.

பணியாரக்காரி வாழையிலையில் பணியாரங்களை வைத்தாள். அவர் காசு கொடுத்ததும் மேலே இன்னொன்றைப் போட்டாள்.

"இதுக்குக் காசு?"

"இதுக்கு எதுக்கு சாமி காசு? இது கொசுறு."

"எல்லாக் கடையிலும் கொசுறு உண்டா?"

"கொசுறு போடாட்டி இந்தத் தெருவுல எவன் சாமி கடைக்கு வருவான்?"

கூத்தபிரான் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அப்புறம் அடுத்த கடைக்குப் போனார்.

அவர் கூடாரத்துக்குத் திரும்பியபோது வாசலிலேயே நின்றிருந்தார் ஆபத்சகாயம். கையைப் பிடித்து நேராக மகாராஜாவிடம் இழுத்துப் போனார்.

"மகாராஜா, இவர் மீசையைப் பாருங்கள்! எண்ணெய் பளபளக்கிறது. நாம் குடிக்கிற கஞ்சியில் எண்ணெய் ஏது?"

மூன்று வேளையும் கஞ்சி குடிக்கிறவருக்குக் கோபம் வரக் கேட்க வேண்டுமா? மகாராஜா சீறினார். "எங்கே போயிருந்தீர்? பொய் சொன்னால் பதவியோடு தலையும் போகும்!"

கூத்தபிரான் மீசையைத் தடவிக்கொண்டார். "பொய் எதற்கு மகாராஜா? கடையேழு வள்ளல்களைக் கண்டுவிட்டு வருகிறேன்."

"அவர்கள் மாண்டு எத்தனையோ தலைமுறை ஆயிற்றே, ஐயா!"

"அவர்கள் கடைசி ஏழு பேர். நான் கண்டது கடையில் உட்கார்ந்திருக்கும் ஏழு பேரை. பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். இங்கே ஒருவர் வாழைக்காய்க்குக் கடலைமாவுப் போர்வை போர்த்துகிறார். போர்த்தியதோடு விடுவதில்லை. கொதிக்கிற எண்ணெயில் இறக்கிக் குளிர்காயவும் வைக்கிறார்!"

மகாராஜா எச்சில் விழுங்கினார்.

"அதியமான் நெல்லிக்கனி கொடுத்தான். உப்பு கொடுத்தானா? இங்கே ஓர் அம்மாள் உப்பும் மிளகுத்தூளும் தடவியே கொடுக்கிறாள். பாரி முல்லைக்காகத் தேரை விட்டான். பணியாரக்காரி பணியாரத்துக்காக நெய்யை விடுகிறாள், மகாராஜா! தாராளமாக விடுகிறாள்!"

"காசுக்கு விற்கிறவன் வள்ளலா?" என்று குறுக்கே பாய்ந்தார் வைத்தியர். "கூத்தபிரானே, காசு கொடுத்து வாங்கினீரா?"

"வாங்கினேன்."

"தின்றீரா?"

"தின்றேன்."

"அவ்வளவுதான்! குற்றம் ருசுவாகிவிட்டது!" வைத்தியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பொறும், வைத்தியரே. வாங்கியது வேறு, தின்றது வேறு." கூத்தபிரான் மடியை அவிழ்த்து ஒரு பெரிய இலைப் பொட்டலத்தை எடுத்தார். "காசு கொடுத்து வாங்கியதெல்லாம் இதோ, ஒரு விள்ளல்கூடக் குறையாமல் இருக்கிறது. நான் தின்றது ஏழு கடைக் கொசுறு. அதை நான் கேட்கவில்லை. அவர்கள் காசும் வாங்கவில்லை. கேட்காமலே கொடுப்பவரை வள்ளல் என்னாமல் வேறென்ன சொல்வது?"

பொட்டலம் பிரிந்தது. பணியாரமும் பஜ்ஜியும் மிளகு வடையும் மணத்தன. மகாராஜாவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அது சரி, புலவரே... இதையெல்லாம் என்ன செய்வது?"

"அதுதான் சிக்கல். நான் தொட்டால் வாங்கித் தின்றவனாகிவிடுவேன். வாங்காத ஒருவர் தின்றால்தான் தங்கள் ஆணைக்குப் பங்கம் வராது. தாங்கள் இன்று கடையில் ஏதாவது வாங்கினீர்களா?"

"ஒரு செப்புக்காசுகூடக் கொடுக்கவில்லை!" என்றார் மகாராஜா அவசர அவசரமாக.

"மகாராஜா, வயிறு!" என்று அலறினார் வைத்தியர்.

"வயிறு என்னுடையதுதான், ஓய்! யாரங்கே, வைத்தியருக்கு ஒரு குவளை கஞ்சி கொண்டுவாருங்கள்!"

பொட்டலம் அநேகமாகக் காலியான பிறகே மகாராஜா நிமிர்ந்து பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணையை ரத்து செய்தார். விரலிலிருந்த வைர மோதிரத்தைக் கழற்றிக் கூத்தபிரானிடம் கொடுத்தார். கூத்தபிரான் வாங்கி விரலில் போட்டுக்கொண்டார். ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை.

"இன்னும் என்ன, புலவரே?"

"கொசுறு, மகாராஜா!"

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மகாராஜா இலையைப் பார்த்தார். ஒரே ஒரு பணியாரம் மிச்சமிருந்தது. கழுத்தில் கிடந்த முத்துமாலையைப் பார்த்தார். மறுபடியும் பணியாரத்தைப் பார்த்தார்.

பிறகு முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.