ஒரு குடத்துக்கு எட்டுப் பேர்

"நம் நாட்டில் வேலையில்லாதவன் ஒருத்தன்கூடக் கிடையாது மகாராஜா!" என்று ஏட்டைத் தட்டினார் மந்திரி அனந்தப்பன். அரண்மனைத் தண்ணீர்க்காரி பெருமாயி பக்கென்று சிரித்துவிட்டாள்.

"ஒருத்தனைக் காட்டுடி! இல்லையென்றால் கசையடி!" என்று சீறினார் மந்திரி.

பெருமாயி எல்லோரையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு ஆள் கூலியைப் பங்குபோட்டுக்கொண்டு எட்டுப் பேர் ஒரே குடத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மந்திரி வழக்கம்போல, "ம்ம்... இழு, இழு!" என்று கத்தினார்.

பெருமாயி சொல்லச் சொல்ல, ஒவ்வொருவராகக் கயிற்றை விட்டார்கள். ஏழு பேர் விட்டும் குடம் அதே வேகத்தில் ஏறியது.

"அடடா, ஏழு பேர்!" என்றார் ராஜா.

"மந்திரி ஐயா, நீங்களும் கொஞ்சம் வாயை மூடுங்க."

மூடினார். குடம் மேலே வந்து சேர்ந்தது.

"எட்டு, மகாராஜா. இதில் முழுச் சம்பளம் வாங்குறது இவர் ஒருத்தர்தான்."