தாசில்தாரின் லத்தீன் வால்

தாசில்தார் அரங்கநாயகத்துக்கு லத்தீன் வால் ஒட்டிய ஆங்கிலச் சொற்கள் மீது தனி மோகம். மழையில் வீடு இடிந்தவர்களின் மனுக்களை முதலில் பார்க்கும்படி தபால் குமாஸ்தா செங்கமலம் கேட்டாள்.

“வெர்பாட்டிம் என்றால் சொல்லுக்குச் சொல். சீரியாட்டிம் என்றால் வரிசைப்படி. அந்த ‘டிம்’தான் வால். இங்கே எல்லாமே சீரியாட்டிம். ஒரு தாள் முந்தினாலும் உனக்கு வேலை இருக்காது.”

சொன்னாரே தவிர, முதல் தாளைக்கூட அவர் தொடவில்லை.

மறுவாரம் மகள் கல்யாணத்துக்கு லீவு மனு எழுதி, அன்றே கலெக்டருக்கு அனுப்பச் சொல்லி நீட்டினார். செங்கமலம் அதை மனுக் கட்டின் அடியில் செருகினாள்.

“இது நூற்றுப் பன்னிரண்டாவது ஐயா. மேலே இருக்கிறதுக்கெல்லாம் நீங்க கையெழுத்துப் போட்டதும் போயிடும்.”

“என் மனுவுக்குமா சீரியாட்டிம்?”

“வால் எல்லாத்துக்கும்தானே ஐயா ஒட்டும்.”

சாயங்காலத்துக்குள் நூற்றுப் பதினோரு கையெழுத்தும் விழுந்தன. கல்யாணத்தன்று, நன்றி சொல்ல வந்த மனுதாரர் குடும்பங்கள் பந்தியில் உட்கார்ந்தன, வரிசைப்படிதான்.