எபியின் சேவல்

குரு என்றால் தாடி வேண்டும், மலை வேண்டும், கண்மூடி உட்கார ஒரு மரமாவது வேண்டும். உபதேசியார் தேவஇரக்கத்துக்கு இதில் ஒன்றும் கிடையாது. நாற்பது வயது, ஒரு பழைய பைக், சளி பிடித்திருந்தாலும் ஊர் முழுக்கக் கேட்கிற குரல். போதகருக்கு நாலைந்து ஊர் கோயில்கள், எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருந்த அந்தச் சின்னக் கோயிலில் மணி அடிப்பதும், ஜெபம் நடத்துவதும், வேதம் சொல்லிக் கொடுப்பதும் உபதேசியார்தான்.

அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் லீதியாளுக்குத்தான் வயது அதிகம். கேள்வியும் அவளுக்குத்தான் அதிகம்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், இயேசு புயலடித்த கடலில் படகுக்குள் படுத்துத் தூங்கிய சம்பவம் பாடமாக நடந்தது. தண்ணீர் உள்ளே வருகிறது, சீடர்கள் அலறுகிறார்கள், அவர் தலையணையில் தலைவைத்து அயர்ந்து கிடக்கிறார்.

லீதியாள் கையைத் தூக்கினாள்.

"ஐயா, படகு முங்கப் போவுது. அதுக்குள்ள ஒருத்தருக்கு எப்படித் தூக்கம் வரும்?"

"தெரியலையே அக்கா."

"தெரியலைன்னா?"

"நான் அந்தப் படகுல இல்லலா. தூங்கினவரைத்தான் கேக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். லீதியாள் சிரிக்கவில்லை.

"வேடிக்கைக்குக் கேக்கல ஐயா. எனக்குத் தூக்கம் வரணும். அதுக்குத்தான் கேக்கேன்."

உபதேசியார் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அவளுடைய ஒரே மகன் எபனேசர், வீட்டில் எபி, சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான் என்பது ஊருக்கே தெரியும். கப்பல் எந்தக் கடலில் போகிறது என்று அவள் செல்போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும். குழம்பு கொதிக்கும்போதும் அதைப் பார்ப்பாள். காணிக்கைப் பாட்டு பாடும்போதும் மடியில் வைத்து ஓரக்கண்ணால் பார்ப்பாள். போன வாரம் அந்தக் கப்பல் சண்டை நடக்கிற ஒரு கடல் வழியாகப் போனது. புள்ளி மறைந்துவிட்டது.

கப்பல் கம்பெனியின் பம்பாய் ஆபீசில், பாதுகாப்புக்காக சிக்னலை அணைத்திருப்பார்கள், பயப்பட வேண்டாம் என்றார்கள். பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் லீதியாளுக்குப் பயமே வரும். புருஷன் இறந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் அவளே இழுத்துப் பிடித்து நடத்தியவள். இழுத்துப் பிடிக்க முடியாத ஒன்று இப்போதுதான் அவளுக்கு வந்திருந்தது.

பாடம் முடிந்து ஜெபித்தார்கள். லீதியாளின் ஜெபம் நீளமானது. காற்று எந்தப் பக்கம் அடிக்க வேண்டும், கேப்டன் எப்படிக் கண்ணசராமல் இருக்க வேண்டும், இஞ்சின் எப்படிச் சூடாகாமல் ஓட வேண்டும், கப்பல் சமையல்காரன் எபியின் தட்டில் எவ்வளவு காரம் போட வேண்டும் என்பது வரைக்கும் ஆண்டவரிடம் சொன்னாள்.

ஆமென் சொன்னதும் உபதேசியார் கேட்டார்.

"அக்கா, ஆண்டவர் யோசிக்கதுக்கு ஒண்ணாவது மிச்சம் வச்சியளா?"

"கிண்டல் பண்ணாதிய. நான் அவனை ஆண்டவர் கையில ஒப்புக்கொடுத்துட்டேன். தினமும் ஒப்புக்கொடுக்கேன்."

"தினமுமா?"

"காலையிலயும் கொடுக்கேன், ராத்திரியும் கொடுக்கேன்."

உபதேசியார் வேறு பேச்சுக்குப் போனார்.

"வார வியாழக்கிழமை ஸ்தோத்திரப் பண்டிகை. என்ன கொண்டு வாரிய?"

"எனக்கென்ன ஸ்தோத்திரம்? நன்றி சொல்ல என்ன இருக்கு? பிள்ளை போன்ல பேசட்டும். அப்புறம் பாக்கலாம்."

"வீட்டுல ஒண்ணுமே இல்லையா?"

"சேவல் இருக்கு" என்று சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது எபி வாங்கி விட்டுட்டுப் போனது."

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் உபதேசியார்.

போன லீவில் எபி சந்தையிலிருந்து வாங்கி வந்த குஞ்சு அது. திரும்பி வரும்போது பெரிதாக இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். இப்போது செக்கச் சிவந்த சேவலாகி, தெருவில் போகிற வருகிறவர்களைக் கொத்திக்கொண்டு திரிந்தது. லீதியாள் அதைத் திட்டுவாள், மடியில் வைத்து அரிசி ஊட்டுவாள். கருக்கலில் அது கூவுகிற சத்தம் கேட்டால், எபி வீட்டில் இருக்கிற மாதிரி அவளுக்கு ஒரு நிம்மதி.

பண்டிகையன்று காலையில், காலைக் கட்டிய சேவலோடு அவள் கோயில் வாசலில் நின்றாள்.

"கொண்டு வந்துட்டியளா!" என்றார் உபதேசியார்.

"இதைத் தந்துருதேன், எபியைக் கொண்டாந்து சேத்துருங்கன்னு சொல்லிட்டேன்."

"யாருட்ட?"

"ஆண்டவருட்ட."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்ல மாட்டாரு. அவரு சேவல் வியாபாரி இல்ல. சும்மா கொடுக்கதா இருந்தா கொடுங்க அக்கா. இல்லைன்னா வீட்டுக்குக் கொண்டு போங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாவ."

லீதியாள் போகவில்லை. சேவலின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். உள்ளே பாட்டு ஆரம்பித்தது.

"அவன் பிறந்ததுக்குன்னு வச்சிக்கிடுங்க" என்றாள் கடைசியில். "அதுக்கு நான் இன்னும் ஒண்ணுமே கொடுக்கல."

உபதேசியார் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

அந்தப் பண்டிகைக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. முருங்கைக்காய்க் கட்டு, பூசணி, முட்டை, கருப்பட்டி என்று அவரவர் வீட்டில் விளைந்ததையும் வளர்ந்ததையும் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒற்றை எலுமிச்சம்பழத்தை அடித்துப் பிடித்து யானை விலைக்கு எடுப்பார்கள். தான் கொடுத்த பொருளைத் தானே ஏலத்தில் எடுக்கிறவர்களும் உண்டு. கோயிலுக்கு வருமானம்தானே என்று ஊர் அவர்களை மெச்சும்.

ஏலம் விடுகிறவர் உபதேசியார். அந்தக் குரல் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது அன்றைக்குத்தான் விளங்கும்.

சேவலை அவர் தூக்கிப் பிடித்ததும் முதல் ஆளாகக் கேட்டவர் பால்த்துரை அண்ணாச்சி. அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் அவர் வீட்டுக் குழம்பு வாசனை கோயில் வரைக்கும் வரும். அவர் வீட்டுக்குப் போன எந்தக் கோழியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததில்லை.

லீதியாள் அவசரமாகக் கையைத் தூக்கினாள். அதற்கு மேல் ஒரு விலை கேட்டாள்.

கூட்டம் கைதட்டியது. அண்ணாச்சி இன்னும் ஏற்றினார். லீதியாள் இன்னும் ஏற்றினாள். அவளிடம் அவ்வளவு பணம் இல்லை என்பது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே மறுபடி ஏற்றினார். லீதியாள் வாயைத் திறந்தாள்.

உபதேசியார் கையைக் காட்டி ஏலத்தை நிறுத்தினார். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, காலையில இதை யாருக்குக் கொடுத்திய?"

"ஆண்டவருக்கு."

"இப்ப யாருட்டேருந்து வாங்குதிய?"

லீதியாள் அண்ணாச்சி பக்கம் கையைக் காட்டினாள்.

"அண்ணாச்சி எடுத்தா அறுத்துருவாவ ஐயா."

"அறுத்தாலும் அறுப்பாவ."

"எபி சேவல் ஐயா அது. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." சகுனம் பார்க்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவளே அவள்தான்.

அந்தப் பெரிய குரலை உபதேசியார் அடக்கி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"தினமும் ஒப்புக்கொடுக்கேன்னு சொன்னியளே அக்கா. தினமும் இப்படித்தானா?"

லீதியாளுக்கு முகம் சிவந்தது. கோபம் வந்தது. பிறகு கோபம் எங்கேயோ போய்விட்டது, கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உபதேசியார் பழைய இடத்துக்குப் போய் நின்றார். அவளையே பார்த்தார்.

"அண்ணாச்சி கேட்ட விலைக்கு, ஒரு தரம்."

கூட்டம் லீதியாளைப் பார்த்தது.

"ரெண்டு தரம்."

சேவல் தலையைத் திருப்பி அவளைத் தேடியது. அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. உபதேசியார் அவசரப்படவில்லை. அவ்வளவு நீளமான இரண்டாம் தரத்தை அந்த ஊர் கேட்டதில்லை. சோறு ஆறுகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

லீதியாள் பேசவில்லை.

"மூணு தரம்!"

அண்ணாச்சி சேவலை வாங்கிக்கொண்டு போனார். பிறகு எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, கோயிலில் சமைத்திருந்த அசனச் சோறு சாப்பிட்டார்கள். உபதேசியார் குழம்பு வாளியோடு வரும்போது லீதியாள் இலைக்கு முன்னால் தன் கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன அக்கா?"

"என்னமோ மாதிரி இருக்கு ஐயா. இத்தனை நாளும் எதையோ இறுக்கிப் பிடிச்சிட்டே இருந்திருக்கேன். இப்பத்தான் விரல் நோவுறது தெரியுது."

"சாப்பிடுங்க. இன்னைக்கு கறி நல்லா வெந்திருக்கு" என்று சொல்லி இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினார்.

மறுநாள் காலை ஜெபத்துக்கு மணி அடித்தது. மணி அடிப்பதற்கு முன்பே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவள் லீதியாள். அன்று அவள் இடம் காலியாக இருந்தது. உபதேசியார் வாசலைப் பார்த்துக்கொண்டே பாட்டைத் தொடங்கினார். பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது. கடைசி ஜெபத்தின் நடுவில், தலைகூட வாராமல், கையில் செல்போனோடு லீதியாள் ஓடி வந்தாள்.

ஜெபம் முடிந்ததும் உபதேசியார் அவளிடம் வந்தார்.

"என்னக்கா, உடம்புக்கு முடியலையா?"

"தூங்கிட்டேன் ஐயா."

"சேவல் இல்லாம எந்திரிக்க முடியலையோ?"

பின்னால் நின்ற பால்த்துரை அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "எங்க வீட்டுல கூவின கூவுக்குத் தெருவே எந்திரிச்சிட்டு! உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கல அண்ணாச்சி" என்றாள் லீதியாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். ஆனால் அதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

"எப்படித் தூங்கினிய?" என்றார் உபதேசியார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

"தெரியல ஐயா. நேத்து முழங்கால் போட்டேன். எப்பவும் போலச் சொல்லப் பாத்தேன். காத்து, கேப்டன் ஒண்ணுமே வாய்க்கு வரல. ஸ்தோத்திரம் மட்டுந்தான் வந்தது. அவன் குறைமாசத்துல பிறந்து பிழைச்சதுக்கு ஸ்தோத்திரம்னேன். அவங்க அப்பா சாவுறதுக்கு முன்னாடி அவனைத் தோள்ல வச்சி இந்தக் கோயிலைச் சுத்தி வந்தாவளே, அதுக்கு ஒண்ணு சொன்னேன். முதல் சம்பளத்துல எனக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தான், அதுக்குச் சொன்னேன். ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு வருது. எவ்வளவு கொடுத்திருக்காரு ஐயா எனக்கு! இதையெல்லாம் நான் மறந்தே போயிட்டேன். எந்த இடத்துல கண்ணசந்தேன்னு தெரியல. விடிஞ்சு வெயில் மூஞ்சில பட்டபிறகுதான் முழிச்சேன்."

"நல்லது. கப்பல்?"

லீதியாள் செல்போனை நீட்டினாள்.

"கருக்கல்ல ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கான். நான் எடுக்கல. பேசி அனுப்பியிருக்கான்."

உபதேசியார் அதை அழுத்தினார். கோயிலுக்குள் எபியின் குரல் கேட்டது. பின்னால் இஞ்சின் சத்தம் இரைந்தது.

"எம்மா, நல்லா இருக்கேன். இப்பத்தான் லைன் கிடைச்சுது. கூப்பிட்டுப் பாத்தேன், நீ எடுக்கல. தூங்குதியாம்மா? சரி, தூங்கு. நல்லாத் தூங்கு."

அவ்வளவுதான். அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திரும்பக் கூப்பிட்டியளா?" என்றார் உபதேசியார்.

"கூப்பிட்டேன். போவல. புள்ளியும் இன்னும் வரல. கப்பல் இன்னும் அந்தக் கடலைத் தாண்டலை போல." அவள் அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "என்ன கூத்து பாருங்க ஐயா. இத்தனை நாளும் ஒரு பொட்டுத் தூங்காம அந்தப் புள்ளியையே பாத்துட்டுக் கிடந்தேன். ஒண்ணும் வரல. நான் அசந்து தூங்கின நேரத்துல பிள்ளை கூப்பிட்டிருக்கான். பெத்தவ தூங்கிட்டனே!"

உபதேசியார் செல்போனை அவள் கையில் திரும்ப வைத்தார்.

"நீங்க தூங்கிட்டிய. சரி அக்கா. அவனைப் பாத்துக்கிட்டு முழிச்சிருந்தது யாரு?"