துறையூரிலிருந்து நடந்து வந்த கோழி

திருச்சி பாலக்கரையில் பன்னிரண்டு வீடுள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் சங்கச் செயலாளர் ஞானசிகாமணிக்கு உலகத்தில் ரெண்டே விரோதிகள்: ஒன்று பிளாஸ்டிக் பை, இன்னொன்று பிராய்லர் கோழி. போன வாரம்கூட நாலாம் மாடி பெர்னதத் டீச்சரை வாசல் கேட்டிலேயே மறித்து, கவரில் இருந்த தக்காளியை முந்தானையில் கொட்டிக்கொண்டு படியேற வைத்தார்.

அப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கமாலுதீன் பாயின் பிராய்லர் கடையிலிருந்து கறுப்புப் பாலிதீன் பையோடு திரும்பினால், கடை வாசலிலேயே, மாதா கோயில் பூசை முடிந்து எதிரே வருகிறார் அதே டீச்சர். பைக்குள் ஒன்றரைக் கிலோ, தோல் உரித்தது. வீட்டில் பிரியாணிக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

“என்ன சார், கையில பாலிதீன் பை?”

ஞானசிகாமணிக்குக் குப்பென்று வியர்த்தது. ஆனால் வாய் மட்டும் தயங்கவில்லை.

“பாலிதீனா? கோணிப்பை டீச்சர் இது. என் கல்யாணத்துக்கு முந்தி வாங்கினது. துவைச்சுத் துவைச்சு இப்படி வழவழன்னு ஆயிருச்சு.”

“கறுப்பா இருக்கே?”

“காயப்போட்டதுல கறுத்துருச்சு. நம்ம ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாதா?”

“உள்ள இருக்கிறது பிராய்லர்தானே?”

“சேச்சே! துறையூர்ப் பக்கம் காட்டுல மேஞ்ச கோழி. நானே நேர்ல போய் விசாரிச்சேன். ஊசி கீசி போட்டாங்களான்னு கேட்டதுக்கு, ரெண்டு ரெக்கையையும் தூக்கிக் காட்டுச்சு. ஒரு தழும்பு இல்ல. அம்மை ஊசிகூடப் போட்டுக்கலையாம்.”

பாயின் கத்தி பாதியில் நின்றது. “சார், அது என் கூண்டுல கெடந்த கோழி.”

“கெடந்துச்சா? தங்கியிருந்துச்சு பாய். அவ்வளவு தூரம் நடந்து வந்த அசதி. உங்க கூண்டு அதுக்கு லாட்ஜு.”

கோழி வாங்க நின்றவர்கள் கிட்டே வந்து காது கொடுத்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் அவருக்குச் சுருதி ஏறியது.

“லாரியில ஏத்தலாம்னுதான் பார்த்தேன். ‘வேண்டாம் சார், டீசல் புகை பூமிக்குக் கெடுதல்’னு அதுதான் தடுத்துச்சு. வழியெல்லாம் எச்சம் போட்டுக்கிட்டே வந்ததுல ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கத்திரியும் வெண்டையுமா காய்ச்சுத் தொங்குது. ஒரு குத்து யூரியா போடலை! கொள்ளிடத்துக்கு வந்துச்சா, பாலத்துல ஒரே வண்டிப் புகை. பொசுக்குனு எறங்கி நீந்திருச்சு.”

“கோழியா? நீந்துச்சா?” என்றார் பாய்.

“நானும் நம்பலை பாய். மீனெல்லாம் ஒதுங்கி வழி விட்டுச்சே, அதைப் பார்த்தப்புறம் எப்படி நம்பாம இருக்கிறது? ஒரு குஞ்சு மீன் தானா வந்து அலகுல ஏறுச்சு. ‘நீ இன்னும் வளரணும், அடுத்த வருஷம் வா’ன்னு புத்தி சொல்லித் திருப்பி அனுப்புச்சு. கரையேறினதும் நேரா என் காலடிக்கு வந்து, ‘ஐயா, வெந்தா உங்க வீட்டுச் சட்டியிலதான் வேவேன், இல்லேன்னா இந்த உயிரே வேண்டாம்’னு...”

அவருக்கே கண் கலங்கிவிட்டது.

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

“தெரியும் சார்” என்றார் டீச்சர். “அது முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு.”

“எது?”

“நீந்தி வந்த கோழி. லிப்டுல வந்தா கரண்ட் செலவாகும்னு நாலு மாடியும் படியேறி வந்து, உங்க வீடு எதுன்னு கேட்டுச்சு. பாவம், மூச்சு வாங்குச்சு. தண்ணி குடுத்தேன். போறப்போ, ‘டீச்சர், நான் பன்னெண்டு வீட்டுக்கும் பொதுவாத்தான் நடந்து வந்தேன். செயலாளர் ஆசைப்படுவாரு. நீங்க வாங்கிச் சமைச்சுப் பங்கு வச்சிருங்க’ன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் போச்சு.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

கோழி எங்கேயாவது பேசுமா என்று கேட்க ஞானசிகாமணிக்கு வாய் துடித்தது. கேட்டால் தன் கதி என்னாகும் என்றும் தெரிந்தது. பாயைப் பார்த்தார். பாய் மும்முரமாகக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பையைக் கொடுத்தார்.

“அப்போ என் பங்கு, டீச்சர்?”

“கழுத்து” என்றார் டீச்சர். “அதையும் அதுவே சொல்லிருச்சு.”